கோத்தகிரியில் குடும்பத்தோடு டேக்வாண்டோ சேரலாமா?

கேள்வி சுருக்கமாக இதுதான். கோத்தகிரியில் ஒரு சமுதாயக் கூடத்தில் டேக்வாண்டோ, அதாவது உதைக்கு முக்கியத்துவம் தருகிற கொரியத் தற்காப்புக் கலை, கிளப் ஆரம்பித்திருக்கிறார்கள். வாரம் மூன்று நாள், மாலை நேரம், நோட்டீஸில் "5 வயது முதல் 60 வயது வரை" என்று போட்டிருக்கிறது. கேட்டவருக்கு 38 வயது, டீ ஃபேக்டரி ஆபீஸில் உட்கார்ந்து பார்க்கிற வேலை, தொப்பை விழுந்துவிட்டது என்று அவரே சொல்கிறார். மகளுக்கு 9, பள்ளியில் கொஞ்சம் கராத்தே பழகியிருக்கிறாள். மனைவிக்கும் ஆசை. அம்மாவுக்கு 61, "நானும் வரட்டுமாடா" என்று பாதி விளையாட்டாகக் கேட்டிருக்கிறார். எல்லோரும் ஒரே பேட்சில் சேரலாமா, அடிபடுமா, செலவு எப்படி, பிளாக் பெல்ட் எப்போது வரும்?

சேரலாம். நான்கு பேருமே சேரலாம், அம்மாவும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஒரே கூடத்தில் ஒரே நேரத்தில் நின்றும் பழகலாம். ஆனால் நான்கு பேரும் ஒரே கிளாஸைச் செய்யக் கூடாது. குன்னூர்ப் பக்கம் நானும் இப்படி எல்லா வயதும் வருகிற வகுப்புதான் எடுக்கிறேன், அதனால் இதை அழுத்தியே சொல்கிறேன்: எந்தக் கிளப் நல்ல கிளப் என்பதற்கு மாஸ்டர் சுவரில் மாட்டியிருக்கிற மெடல் அளவுகோல் இல்லை, வயதுக்கும் உடம்புக்கும் தக்கபடி வகுப்பைப் பிரிக்கத் தெரிகிறதா என்பதுதான்.

நடைமுறையில் அது எப்படி இருக்கும்? முதல் இருபது நிமிடம் எல்லோருக்கும் பொது. வரிசையில் நிற்பது, வணங்குவது, வார்ம்-அப், நின்ற இடத்திலேயே குத்து, தடுப்பு. ஹானா, தூல், செத், நெத் என்று கொரிய மொழியில்தான் எண்ணுவார்கள். உங்கள் மகள் இரண்டே வகுப்பில் பத்து வரை சொல்லிவிடுவாள், நீங்கள் கொஞ்ச நாள் வாயை மட்டும் அசைப்பீர்கள், பரவாயில்லை. அதற்கப்புறம் பிரிய வேண்டும். சின்னப் பிள்ளைகள் ஒரு மூலையில் ஓட்டம், விளையாட்டு, பேட் (கையில் பிடிக்கிற மெத்தை) உதைப்பது. பெரியவர்கள் இன்னொரு பக்கம் மெதுவாக உதையின் பாகங்களைப் பிரித்துப் பழகுவது. பூம்சே என்று சொல்கிற வரிசை அசைவுகளை மட்டும் 9 வயதும் 61 வயதும் பக்கத்தில் பக்கத்தில் நின்று செய்யலாம், ஏனென்றால் அதில் எதிராளியே கிடையாது, அவரவர் உயரத்துக்கு அவரவர் கால் போனால் போதும். முதல் பூம்சே டேகுக் இல் ஜாங். மூன்று குறுக்குக் கோடு, நடுவே ஒரு நெடுக்குக் கோடு போட்ட மாதிரி தரையில் நடந்து திரும்புகிற பாதை, பெரும்பாலும் சாதாரணமாக நடக்கிற நிலைதான், உதை என்று பார்த்தால் முன்பக்க உதை மட்டும்தான். அம்மாவால் தாராளமாக முடியும். உலக பூம்சே சாம்பியன்ஷிப்பிலேயே 65 வயதைத் தாண்டியவர்களுக்குத் தனிப் பிரிவு வைத்திருக்கிறார்கள், ஆகவே அம்மாவிடம் விளையாட்டாகச் சொல்லாமல் நிஜமாகவே சொல்லுங்கள். நோட்டீஸில் 60 என்று போட்டிருப்பதைப் பார்த்துத் தயங்க வேண்டாம், நேரில் கேட்டால் யாரும் மறுக்க மாட்டார்கள்.

கலக்கவே கூடாத இடம் ஸ்பாரிங், நம் ஊர்ப் பேச்சில் ஃபைட். ஒலிம்பிக்கில் முழுக்க வளர்ந்த, வருடக் கணக்கில் பழகிய ஆண்களையே 58 கிலோ, 68 கிலோ, 80 கிலோ, அதற்கு மேல் என்று நான்காகப் பிரித்துத்தான் மோத விடுகிறார்கள். அப்படியிருக்க ஒரு கிளப்பில் ஆறாம் வகுப்புப் பையனையும் காலேஜ் பையனையும் "சும்மா லைட்டாகப் போடுங்கள்" என்று எதிரெதிரே நிறுத்தினால் அந்த மாஸ்டருக்குப் பொறுப்பில்லை என்று அர்த்தம். லைட் என்பது முதல் அடி விழும் வரைக்கும்தான். தலை விஷயத்தையும் கேளுங்கள். போட்டி விதிப்படி நெஞ்சுக் கவசத்தில் குத்துக்கு 1 புள்ளி, உதைக்கு 2, தலைக்குப் போகிற உதைக்கு 3, சுழன்று அடித்தால் இன்னும் 2 கூடும். புள்ளி கூடுதலாக இருக்கிற இடத்துக்குத்தான் பிள்ளைகளின் கால் போகும், அது அவர்கள் தப்பு இல்லை. அதனால் சின்னவர்களுக்கு வகுப்பில் தலைக்கு உதையே இல்லை என்று வைத்துவிடுவது நல்லது. என் வகுப்பில் அப்படித்தான். ஹெட் கார்டு போட்டிருக்கிறார்களே என்பார்கள். ஹெட் கார்டு வெட்டுக்காயத்தையும் வீக்கத்தையும் குறைக்கும், உள்ளே மூளை குலுங்குவதை முழுதாகத் தடுக்காது. உங்களுக்கும் மனைவிக்கும் முதல் ஆறு மாதம் ஃபைட் தேவையே இல்லை. அதற்கப்புறமும் பிடிக்காவிட்டால் கடைசி வரைக்கும் பேட், பூம்சே என்றே போகலாம், யாரும் கேட்கக் கூடாது.

ஒரு நாள் சும்மா போய் உட்கார்ந்து முழு வகுப்பையும் பாருங்கள். வேடிக்கை பார்க்கக் கூடாது என்று சொல்கிற இடமாக இருந்தால் அங்கேயே திரும்பிவிடுங்கள், குறிப்பாகப் பெண்பிள்ளையைச் சேர்க்கிற நீங்கள் இதில் தாட்சண்யம் பார்க்க வேண்டாம். பெற்றோர் எப்போது வேண்டுமானாலும் வந்து நிற்கலாம் என்று இருக்க வேண்டும், காலைத் திருத்தத் தொடுவதாக இருந்தால் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டுத் தொட வேண்டும், பெண் சீனியர் ஒருத்தி இருந்தால் இன்னும் நல்லது. நன்றாக உதைக்கிறவர்களை விட்டுவிடுங்கள், கண் தானாக அங்கேதான் போகும். வகுப்பிலேயே மந்தமாக இருக்கிற ஆளை, கடைசி வரிசையில் மூச்சு வாங்குகிற ஆளைப் பாருங்கள். அவருக்கு மாஸ்டர் என்ன வேலை கொடுக்கிறார்? அந்த ஆளால் செய்ய முடிகிற மாதிரி ஒன்றைக் கொடுத்தால் உங்களுக்கும் அங்கே இடம் இருக்கிறது. கேலி, தண்டனைக்குப் பஸ்கி, எல்லார் முன்னாலும் பெயர் சொல்லித் திட்டு என்று இருந்தால் அடுத்த மாதம் நீங்கள்தான் அந்தக் கடைசி வரிசை.

அப்புறம் தரை. இதைப் பற்றிக் கொஞ்சம் நிறையவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நான் பார்த்த முழங்கால் கோளாறுகளில் பாதிக்கு மேல் எதிராளியால் வந்ததில்லை, தரையால் வந்தது. டேக்வாண்டோவில் அதிகம் பழகுகிற உதை டோல்யோ சாகி, பக்கவாட்டில் வளைந்து வருகிற உதை. அதில் எல்லோரும் உதைக்கிற காலையே பார்ப்பார்கள், விஷயம் நிற்கிற காலில் இருக்கிறது. முழங்காலை முன்னால் தூக்கின கையோடு நிற்கிற காலின் குதிகால் கொஞ்சம் எழும்பி, முன்பாதத்தின் மேல் பாதம் சுழன்று, குதிகால் இலக்கைப் பார்க்கிற மாதிரி வர வேண்டும். அப்படி வந்தால்தான் இடுப்பு திரும்பும், இடுப்பு திரும்பினால்தான் கால் உயரும். பாதம் சுழலாமல் தரையில் ஒட்டிக்கொண்டால் மேலே இடுப்பும் தொடையும் திரும்பிவிடும், கீழே பாதம் நின்றுவிடும், நடுவில் முறுக்கு முழுவதையும் முழங்கால்தான் வாங்கும். சொரசொரப்பான சிமென்ட் தரையில், அதுவும் ஷூ போட்டுக்கொண்டு பழகினால் இதுதான் நடக்கும். வழுவழு டைல்ஸ் இதற்கு நேரெதிர், பனிமூட்டம் உள்ளே வந்து ஈரம் படிந்த சாயங்காலத்தில் ஒரு முன்பக்க உதைக்கே வாரிவிட்டுவிடும். பற்களைக் கோத்துப் போடுகிற ஃபோம் மேட் இரண்டு, இரண்டரை சென்டிமீட்டர் கனத்தில் போட்டிருந்தால் போதும். ஆனால் இடுக்கு விடாமல் இறுக்கிக் கோத்திருக்க வேண்டும், விரல் நுழைகிற இடைவெளி இருந்தால் கால் விரல் அதில்தான் மாட்டும். மேட்டைத் துடைக்கிறார்களா என்றும் பாருங்கள், நம் மழைக்காலத்தில் ஈரமாகவே சுருட்டி வைத்த மேட்டில் வெறுங்காலோடு நின்றால் விரலிடுக்கில் சேற்றுப்புண் நிச்சயம்.

குளிரை மலைக்காரர்களான நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம் என்று நினைப்போம். ஆனால் டிசம்பர், ஜனவரி சாயங்காலம் ஆறரை மணிக்கு ஓட்டு வீட்டுக் கூடம் மாதிரி சில்லென்றிருக்கிற ஹாலில், ஆபீஸிலிருந்து நேரே வந்து காலை அகட்டி உட்கார்ந்து ஸ்ட்ரெச் பண்ணுவது தொடையின் பின்சதையைக் கிழித்துக்கொள்வதற்கு நல்ல வழி. முதலில் உடம்பு சூடாக வேண்டும்: மெதுவோட்டம், முழங்காலை உயர்த்தி நடப்பது, இடுப்பைச் சுழற்றுவது, காலை ஆட்டி ஆட்டி மெல்ல உயரத்தைக் கூட்டுவது. கீழ்நாட்டில் பத்து நிமிடம் போதுமென்றால் இங்கே பதினைந்து, இருபது. உட்கார்ந்து நீட்டிப் பிடிக்கிற ஸ்ட்ரெச் எல்லாம் வகுப்பு முடிவில். ஸ்வெட்டரைச் சூடு ஏறின பிறகு கழற்றுங்கள், முடிந்த உடனே வியர்வையைத் துடைத்துவிட்டுத் திரும்பப் போட்டுக்கொள்ளுங்கள், பிள்ளைக்குக் காதைக் கட்டி அனுப்புங்கள். ஸிப் வைத்த ஜெர்கினோடு யாரையும் மேட்டில் ஏற விடக் கூடாது, ஸிப் எதிராளியின் கை காலைக் கீறிவிடும்.

உயரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஊட்டி 2,240 மீட்டர், அங்கே ஒரு மூச்சில் கிடைக்கிற ஆக்சிஜன் கடல்மட்டத்தைவிடக் கிட்டத்தட்டக் கால் பங்கு குறைவு. கோத்தகிரியில் ஐந்தில் ஒரு பங்கு குறைவு என்று வைத்துக்கொள்ளலாம். இங்கேயே பிறந்து வளர்ந்த உங்களுக்கு அது பழகிப்போனது. லீவில் கோயம்புத்தூரிலிருந்து வருகிற மச்சினன் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனால் முதல் இரண்டு மூன்று நாள் அவர்களை ஓரமாக விடச் சொல்லுங்கள். ஏற்ற இறக்கத்திலேயே நடந்து வளர்ந்த நம் ஆட்களுக்கு வேறொரு பிரச்சினை உண்டு: கெண்டைக்கால் இரும்பு மாதிரி பலமாக இருக்கும், ஆனால் இறுகியும் இருக்கும். அம்மா பல வருடம் இலை பறித்தவர் என்றால் இடுப்பும் முழங்காலும் ஏற்கெனவே நிறைய உழைத்துவிட்டன. அவருக்குக் குதிப்பதும் ஆழமாகக் குந்துவதும் வேண்டாம், பூம்சேயும் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் நிற்பதும் போதும். அந்த வயதில் விழாமல் நடப்பதுதான் பெரிய விஷயம், ஒற்றைக்கால் பயிற்சி அதற்கு நேரடியாக உதவும்.

உங்கள் விஷயம். பிரஷர், சுகர் பார்த்து வருடக் கணக்காகிவிட்டது என்றால் சேருவதற்கு முன்னால் பார்த்துவிடுங்கள். மேடு ஏறும்போது நெஞ்சு இறுக்குகிறது, தலை சுற்றுகிறது என்றால் டாக்டரைப் பார்த்துவிட்டுத்தான் யூனிஃபார்ம். முதல் மாதம் குதித்து உதைக்கிற எதையும் தொடாதீர்கள், உட்கார்ந்தே வேலை பார்த்த உடம்பில் முதலில் விட்டுக்கொடுப்பது குதிகால் தசைநார். இடுப்புக்கு மேல் கால் போகாது, போக வேண்டாம். பேட்டை இடுப்பு உயரத்தில் பிடிக்கச் சொல்லி அதில் சரியாக உதைக்கிறவன்தான் ஒரு வருடம் கழித்து நெஞ்சுக்கு உதைப்பான். ஆரம்பத்திலேயே தலைக்கு எட்டப் பார்க்கிறவன் முதுகை வளைத்து, நிற்கிற முழங்காலைத் திருகி எப்படியாவது எட்டிவிடுவான், அந்தப் பழக்கத்தைப் பிறகு மாற்றவே முடியாது.

மகளுக்கு 9 வயது என்பது அருமையான வயது. ஒன்றை மட்டும் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பாருங்கள்: சில இடங்களில் பிள்ளைகளை ஸ்பிளிட் உட்கார வைத்து மேலிருந்து தோளை அழுத்துவார்கள், பிள்ளை அழும், "அழுதால்தான் கால் விரியும்" என்பார்கள். அழுதால் கால் விரியாது, சதை பிய்யும். அப்படி அழுத்துவதைப் பார்த்தால் பேச்சே வேண்டாம், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள். அடுத்த நாலைந்து வருடத்தில் மடமடவென்று உயரமாகும்போது குதிகாலின் பின்னாலோ, முழங்கால் சில்லுக்குக் கொஞ்சம் கீழே முட்டு மாதிரி இருக்கிற இடத்திலோ வலி என்று சொல்லலாம். வளர்கிற எலும்பில் தசைநார் இழுக்கிற இடம் அது, வெறுங்காலில் நிறையக் குதித்தால் கூடும். சோம்பேறித்தனம் என்று நினைக்காமல் குதிப்பதைக் குறைத்து ஓய்வு கொடுக்க வேண்டும், தொடர்ந்து வலித்தால் எலும்பு டாக்டரிடம் காட்ட வேண்டும்.

கராத்தே பழகியதால் இதில் குழம்புவாளா என்று கேட்டிருந்தீர்கள். குழம்ப மாட்டாள், குத்தும் தடுப்பும் பார்த்த மாதிரியே இருக்கும். அதற்குக் காரணமும் உண்டு. "இரண்டாயிரம் வருடப் பழமை" என்று நோட்டீஸில் போடுவார்கள், கொரியாவில் பழைய உதைக்கலைகள் இருந்தது உண்மைதான். ஆனால் இரண்டாம் உலகப் போரையொட்டி சியோலில் பள்ளிகளைத் தொடங்கிய ஆசான்களில் பலர் ஜப்பானிய கராத்தே பழகியவர்கள். டேக்வாண்டோ என்ற பெயரே 1955-இல் வைத்தது. சியோலில் குக்கிவோன் என்ற தலைமையகம் 1972-இல் திறந்தது, உலகக் கூட்டமைப்பு 1973-இல் அமைந்தது, 1988-இல் சியோல் ஒலிம்பிக்கில் காட்சி விளையாட்டாக வந்து 2000-இல் சிட்னியில் முழு மெடல் விளையாட்டானது. கராத்தேயிலிருந்து அவளுக்கு மாற வேண்டியது கையை நம்பி நிற்கிற அகலமான நிலை. இங்கே ஃபைட்டில் நிலை குறுகியிருக்கும், எடை முன்காலிலும் பின்காலிலும் மாறிக்கொண்டே இருக்கும். ஓரிரு மாதத்தில் சரியாகிவிடும்.

இன்னொன்று: 1966-இல் தொடங்கிய ஐடிஎஃப் என்ற தனி அமைப்பும் உண்டு. அதன் பூம்சே வேறு, ஃபைட் விதி வேறு, முகத்துக்குக் கையால் குத்தலாம். ஒலிம்பிக்கில் இருப்பது வேர்ல்ட் டேக்வாண்டோ, அதாவது மேலே சொன்ன உலகக் கூட்டமைப்பின் முறை, பள்ளி விளையாட்டுப் போட்டிகளிலும் அதுதான். எது உசத்தி என்ற சண்டைக்குள் போக வேண்டாம், உங்கள் மாஸ்டர் எந்தப் பக்கம் என்று முதலிலேயே தெரிந்துகொண்டால் போதும், பின்னால் மாறினால் பூம்சே முழுவதையும் புதிதாகப் படிக்க வேண்டியிருக்கும்.

பெல்ட்டுக்கு வருகிறேன். வெள்ளை, மஞ்சள், பச்சை, நீலம், சிவப்பு, நடுவில் கோடு போட்டவை, கடைசியில் கறுப்பு. கறுப்புக்கு முந்தைய படிகளுக்குக் குப் என்று பெயர், பத்தாவது குப்பில் ஆரம்பித்து ஒன்றாவது குப் வரை இறங்கி வருவது, அதற்கப்புறம் கறுப்பு பெல்ட்டின் படிகளான டான். ஒழுங்காக வாரம் மூன்று நாள் வந்தால் மூன்று, மூன்றரை வருடத்துக்குக் குறையாமல் ஆகும், உங்களுக்கு நாலு என்று வையுங்கள். ஒரே வருடத்தில் பிளாக் பெல்ட் என்று சொல்கிறவர் விற்பது துணி. 15 வயதுக்குக் கீழே இருக்கிற பிள்ளைகளுக்குக் குக்கிவோன் கொடுப்பது டான் இல்லை, பூம் என்ற கறுப்பு-சிவப்பு பெல்ட், 15 ஆனதும் டானாக மாற்றிக்கொள்ளலாம். குக்கிவோன் சான்றிதழ் எண்ணை அவர்கள் இணையதளத்திலேயே போட்டுச் சரிபார்க்க முடியும். மாஸ்டரின் எண்ணைக் கேட்பதில் எந்த மரியாதைக் குறைவும் இல்லை, ஒழுங்கான ஆள் தானாகவே காட்டுவார். நம் நாட்டில் ஒரே விளையாட்டுக்குப் பல சங்கங்கள், எல்லாவற்றின் பெயரிலும் "இந்தியா" இருக்கும். ஸ்போர்ட்ஸ் கோட்டாவை மனதில் வைத்துப் பிள்ளையை அனுப்புகிறீர்கள் என்றால் பெல்ட்டை எண்ணாதீர்கள், அங்கே கேட்பது அங்கீகரித்த போட்டிச் சான்றிதழ். எந்தச் சங்கத்தின் சான்றிதழ் செல்லும் என்று ஊட்டியில் மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் நேரில் கேட்டுவிட்டு வாருங்கள்.

செலவில் மாதக் கட்டணம் சின்னது, மற்றவை பெரியது. பெல்ட் டெஸ்ட் கட்டணம், வருட உறுப்பினர் கட்டணம், சான்றிதழ், போட்டிக்குப் போக வண்டிச் செலவு, இவை ஒவ்வொன்றாக வரும். சேரும் நாளிலேயே எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள், நான்கு பேர் என்பதால் குடும்பத் தள்ளுபடியும் கேளுங்கள். டெஸ்டில் யாரும் ஃபெயிலே ஆவதில்லை என்றால் நீங்கள் கட்டுவது தேர்வுக் கட்டணம் இல்லை என்று புரிந்துகொள்ளுங்கள். டோபோக் என்கிற யூனிஃபார்மை முதல் மாதமே வாங்க வேண்டாம், டிராக் பேண்ட், டி-ஷர்ட் போதும். வாங்கும்போது காட்டன் கலந்த பாலியெஸ்டராகப் பாருங்கள், அசல் காட்டன் எடுத்தால் நம் அக்டோபர், நவம்பர் மழையில் மூன்று நாள் கொடியில் தொங்கினாலும் காயாது. ஹெட் கார்டு, செஸ்ட் கார்டு கிளப்பிலேயே பொதுவாக இருக்கும். ஃபைட் ஆரம்பிக்கும்போது மவுத் கார்டு, ஷின் கார்டு, க்ரோயின் கார்டு மூன்றும் சொந்தமாக வாங்குங்கள். க்ரோயின் கார்டு பெண்களுக்கும் தனியாக வருகிறது.

ஊர் சார்ந்து கேட்க வேண்டியவை இரண்டு. சமுதாயக் கூடம் என்றால் முகூர்த்த நாளில் கல்யாணத்துக்குப் போய்விடும், அன்றைக்கு வகுப்பு எங்கே? மாஸ்டர் மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறி வருகிறவர் என்றால் மழையில் ரோட்டில் மண் சரிந்த நாளில் யார் எடுப்பார்? சீனியர் ஒருவர் உள்ளூரில் இருந்தால் வருடம் முழுக்க வகுப்பு ஓடும், இல்லாவிட்டால் ஐப்பசி, கார்த்திகையில் பாதி நாள் லீவுதான். அதோடு முடிகிற நேரத்தையும் பாருங்கள். ஏழரைக்கு விட்டால் எஸ்டேட் பக்கம் போகிற பஸ் கிடைக்குமா, இருட்டில் காட்டெருமையும் கரடியும் நிற்கிற வழியில் பிள்ளையோடு நடக்க வேண்டி வருமா என்று. ஆறு மணிக்கே முடிகிற பேட்ச் வேண்டுமென்றால் நாலு குடும்பம் சேர்ந்து கேளுங்கள், மாற்றிக் கொடுப்பார்கள்.

தற்காப்புக்கு உதவுமா என்று மனைவி கேட்டதாக எழுதியிருந்தீர்கள். தூரம் கணிக்கத் தெரியும், சத்தம் போட்டு உதைக்கக் கூச்சம் போகும், ஓடுவதற்கு மூச்சு இருக்கும். பின்னாலிருந்து பிடித்தால் விடுவிப்பது, கீழே விழுந்தால் எழுவது இதெல்லாம் விளையாட்டு டேக்வாண்டோவில் குறைவு, தனியாகச் சொல்லித் தருகிறாரா என்று கேட்க வேண்டும்.

முதல் நாளுக்கு: சாப்பிட்டு இரண்டு மணி நேரம் ஆகியிருக்கட்டும், கை கால் நகம் ஒட்ட வெட்டியிருக்கட்டும், வாட்ச், வளையல், மகளின் கொலுசு எல்லாம் வீட்டில். மனைவியின் மெட்டிதான் பேச வேண்டிய விஷயம், பல கிளப்பில் ஆண் மாஸ்டர்கள் இதைச் சொல்லத் தயங்கி விட்டுவிடுகிறார்கள். மெட்டியோடு பேட்டை உதைத்தால் உறை கிழியும், ஆள் மேல் பட்டால் தோல் கிழியும், விரல் மடங்கி வீங்கினால் மெட்டியை வெட்டித்தான் எடுக்க வேண்டும். கழற்றிவிட்டு வருவதுதான் சரி. மனசு கேட்கவில்லை என்றால் பேட் உதைக்கிற அன்றைக்கு மட்டுமாவது கழற்றட்டும். பூம்சே நாளில் மெட்டியின் மேல் அகலமான துணிப் பிளாஸ்டரை, ரத்த ஓட்டம் தடைபடாத அளவுக்குத் தளர்வாக, இரண்டு சுற்று சுற்றிக்கொண்டால் போதும்.